கிறிஸ்தவப் பண்டிகைகள் ஒரே கதையா, தனித்தனிக் கதைகளா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் வீடு கட்டிக் குடியேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், உங்கள் தெருவில் லத்தீன் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. சபையார், கேரளத்தின் பாலா பக்கத்திலிருந்து வந்த, சுறியானி (சிரியாக்) வழிபாட்டு மரபைச் சேர்ந்த ஒரு குடும்பம், ஒரு பெந்தெகொஸ்தே குடும்பம் என்று நான்கு வகைக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டிசம்பரில் மூன்று வீடுகளில் நட்சத்திரம் தொங்குகிறது, நான்காவது வீட்டில் இல்லை. பெரிய வெள்ளியன்று நீங்கள் மரியாதைக்காக வாழ்த்துச் சொன்னபோது எதிர்வீட்டுப் பெரியவர் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றார். அதற்கு முந்தின நாள், எதைச் சமைத்தாலும் உங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பும் சுறியானி வீட்டு அம்மச்சி, தாம் அவித்த அப்பத்தில் மட்டும் ஒரு துண்டும் தரவில்லை. இவற்றையெல்லாம் வைத்து, இந்தப் பண்டிகைகளுக்கு அடியில் பொதுவான ஒரு பொருள் உண்டா, அல்லது ஒவ்வொன்றும் ஒவ்வொரு நினைவு நாள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் மேல்பகுதி பண்டிகைகளைப் பற்றியது. அடிப்பகுதி அண்டை வீட்டாரைப் பற்றியது என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து, இறையியல் படித்து, 27 ஆண்டுகள் சபை ஊழியத்திலும் வேதாகமப் பாடம் சொல்லிக்கொடுப்பதிலும் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே வேதாகமப் பகுதிகளைப் பற்றியும் பழைய சபை வரலாற்றைப் பற்றியும் எழுதும்போது பயிற்சியின் துணை இருக்கிறது. சுறியானி வழிபாட்டைப் பற்றி எழுதும்போது, பல ஆண்டுகள் விருந்தாளியாகப் போய்ப் பின்வரிசையில் நின்று பார்த்தவன் என்ற அளவில்தான் எழுதுகிறேன். அந்த மரபிலேயே வளர்ந்தவர்கள் திருத்தினால் மறுக்க மாட்டேன்.

உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், இவை தனித்தனி நினைவு நாள்கள் அல்ல, ஒரே கதையின் பகுதிகள் என்பதுதான் அது. ஆனால் அந்தக் கதைக்குள் நுழையும் வாசல் கிறிஸ்துமஸ் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நட்சத்திரமும் குடிலும் கேக்கும் கண்ணில் படுகிற அளவுக்கு மற்றவை படுவதில்லை. கிறிஸ்தவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வரலாறு வேறு வரிசையில் நடந்திருக்கிறது. முதலில் தோன்றியது இயேசு உயிர்த்தெழுந்த நாள், அதாவது ஈஸ்டர். கிறிஸ்துமஸ் மிகவும் பிந்தி வந்தது. கதையின் கடைசி அத்தியாயத்தை அறிந்தவர்கள்தான் அதன் முதல் அத்தியாயத்தை எழுதினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். பொந்தியு பிலாத்து யூதேயாவின் ஆளுநராக இருந்தபோது, அதாவது கி.பி. 26க்கும் 36க்கும் இடையில், யூதரின் பஸ்கா பண்டிகைக் காலத்தில் எருசலேமில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். ஆண்டு 30 என்பாரும் 33 என்பாரும் உண்டு. அதைத் தீர்க்கச் சான்று போதாது. ஆனால் பஸ்கா காலம் என்பதில் நான்கு நற்செய்தி நூல்களும் ஒன்றுபடுகின்றன. அப்போஸ்தலரான பவுல் கொரிந்து நகரச் சபையாருக்கு முதல் நிருபத்தை (கடிதத்தை) எழுதியது ஏறக்குறைய கி.பி. 54இல்; அதற்குள்ளேயே 'நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து நமக்காகப் பலியிடப்பட்டிருக்கிறாரே' என்று, விளக்கம் தேவைப்படாத ஒரு செய்தியைப்போல அவர் எழுதிவிடுகிறார். அதே நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா (வீண்), உங்கள் விசுவாசமும் விருதா என்கிறார். பெத்லகேமைப் பற்றியோ மாட்டுத் தொழுவத்தைப் பற்றியோ அவருடைய நிருபங்களில் ஒரு சொல்கூட இல்லை. நற்செய்தி நூல்களில் முதலில் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் மாற்குவிலும் பிறப்புக் கதை கிடையாது.

பஸ்கா என்பது யூதர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட இரவின் நினைவு. ஆட்டுக்குட்டியின் இரத்தம் நிலைக்கால்களில் பூசப்பட்ட வீடுகளைச் சாவு கடந்துபோனது, பின்பு மக்கள் கடலைக் கடந்துபோனார்கள் என்பது பழைய ஏற்பாட்டின் யாத்திராகமம் சொல்லும் கதை. 'கடந்துபோதல்' என்ற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் மீதமுள்ள எல்லாப் பண்டிகைகளும் விளங்கும். சாவிலிருந்து உயிருக்குக் கடப்பது, அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்குக் கடப்பது, அதுவும் மனிதன் தனியாகக் கடப்பதன்று, கடவுள் இறங்கி வந்து கூட நடந்து கடத்திவிடுவது என்பதுதான் நீங்கள் தேடும் பொதுப் பொருள். உலகின் பல மொழிகளில் ஈஸ்டருக்குப் பெயரே பாஸ்காதான். நம் கத்தோலிக்கச் சகோதரர்களும் இன்றுவரை பாஸ்கா என்றே சொல்கிறார்கள். ஈஸ்டர் என்ற ஆங்கிலப் பெயர் ஒரு பழைய தேவதையின் பெயரிலிருந்து வந்ததாக 8ஆம் நூற்றாண்டில் பீட் என்ற துறவி எழுதினார். அவரைத் தவிர வேறு பழைய சாட்சி இல்லாததால் அது ஐயத்துக்குரியது. அதை வைத்துக்கொண்டு பண்டிகையே அந்தத் தேவதையுடையது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தியை நம்ப வேண்டியதில்லை.

ஐயமான இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இரவு உணவு பஸ்கா விருந்தே என்று மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் சொல்கிறார்கள். யோவானோ, பஸ்காவுக்கு ஆயத்தம் செய்யும் நாளில், ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்பட்ட அதே நாளில் அவர் இறந்தார் என்று வைக்கிறார். இவற்றை ஒன்றாக்க நூற்றாண்டுகளாக முயன்றிருக்கிறார்கள். எனக்கு நிறைவு தந்த விளக்கம் இதுவரை கிடைக்கவில்லை. ஒரு நாள் முன்பின் என்பதில் வேறுபட்டாலும், இந்த மரணத்தைப் பஸ்காவைக் கொண்டே பொருள்கொள்ள வேண்டும் என்பதில் நால்வருக்கும் வேறுபாடு இல்லை.

இனி அம்மச்சியின் அப்பத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் அந்த ஒரு தட்டில் இருக்கிறது. பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழனைச் சுறியானி வீடுகளில் பெசஹா என்பார்கள். பஸ்கா என்ற சொல்லின் சுறியானி வடிவம் அது. அன்று அரிசி மாவோடு ஊறவைத்த உளுந்தை அரைத்துச் சேர்த்து, தேங்காயும் சின்ன உள்ளியும் சீரகமும் கூட்டி, புளிக்க விடாமல் ஆவியில் அவிப்பார்கள். மாவைத் தட்டில் ஊற்றியதும், முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலையிலிருந்து இரண்டு கீற்றுகளைக் கிழித்து அதன்மேல் சிலுவையாக வைப்பார்கள். தேங்காய்ப்பாலில் சர்க்கரை கரைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்ட பெசஹா பால் பக்கத்தில் இருக்கும். நம் பக்கத்தில் சர்க்கரை என்றால் வெல்லம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரவு ஜெபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர் வேதபாகத்தை வாசித்து, குருத்தோலைச் சிலுவையை எடுத்து வைத்துவிட்டு, அப்பத்தை அறுத்துப் பாலில் தோய்த்து மூத்தவர் முதல் இளையவர் வரை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். எங்கள் சி.எஸ்.ஐ. வீடுகளில் இந்த வழக்கம் இல்லை. ஒரு சுறியானி நண்பரின் வீட்டில் முதன்முறையாக இதைப் பார்த்த அன்று, படித்து மனப்பாடம் செய்திருந்த யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் ஒரு தகப்பனின் கையிலிருந்து பிள்ளைகளின் கைக்குப் போவதைப் பார்த்தவனாக நான் திரும்பினேன்.

அந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் மூன்று கட்டளைகள் உண்டு: உடன்படிக்கைக்குள் வராதவர் பஸ்காவை உண்ணலாகாது, ஒரே வீட்டுக்குள் உண்ண வேண்டும், இறைச்சியில் கொஞ்சமும் வீட்டிலிருந்து வெளியே போகக் கூடாது. உங்களுக்குக் கிண்ணம் வராததன் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து. கேரளத்தின் இந்த வழக்கம் நேராக அந்தக் கட்டளையிலிருந்துதான் வந்தது என்று நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் சிலுவை வைத்த அப்பத்தை வீட்டார் மட்டும் பகிர்வதே பல சுறியானி வீடுகளின் நடைமுறை, அது உங்களைக் குறித்த விலக்கு இல்லை. இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஆண்டில் சாவு நிகழ்ந்த வீட்டில் பெசஹா அப்பம் அவிப்பதில்லை. உறவினரோ அண்டை வீட்டுச் சுறியானிகளோதான் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

பெரிய வெள்ளிக்கு வாழ்த்துச் சொன்னதைப் பற்றி நீங்கள் அவ்வளவு சங்கடப்பட வேண்டாம். என் சொந்தக்காரர்களுக்கே கைபேசியில் அப்படி வாழ்த்துகள் வருகின்றன. குழப்பத்துக்குக் காரணம் பெயர்கள். தமிழில் அது பெரிய வெள்ளி, அல்லது புனித வெள்ளி. ஆங்கிலப் பெயரிலோ நல்ல வெள்ளி என்ற பொருள் தெரிகிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலையில் அதே நாளுக்குத் துக்க வெள்ளி என்று பெயர். மூன்று பெயர்களும் ஒரே நாளின் மூன்று முகங்களைச் சொல்கின்றன என்றாலும், அன்றைய நடைமுறை மலையாளப் பெயரின் பக்கம்தான் நிற்கிறது. கத்தோலிக்கக் கோயில்களில் ஆண்டில் அந்த ஒரு நாளில் திருப்பலி கிடையாது; பீடத்தின் துணியும் மெழுகுதிரியும் அகற்றப்பட்டிருக்கும், மணி அடிக்காது. எங்கள் சபைகளில் 12 மணி முதல் 3 மணி வரை சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம். சுறியானிப் பள்ளிகளில் (கோயிலை அவர்கள் பள்ளி என்பார்கள்) நீண்ட ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கசப்பு நீர் ஒரு மிடறு தருவார்கள். சிலுவையில் அவருக்குக் காடி கொடுக்கப்பட்டதன் நினைவு. நான் வாங்கிக் குடித்த பாகற்காய்ச் சாறு வீட்டுக்கு வந்த பின்னும் அடிநாக்கில் இருந்தது. பிறகு கஞ்சியும் பயறும். அப்படிப்பட்ட ஒரு நாளில் துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவீர்களோ அவ்வளவு பேசினால் போதும்.

ஆனால் துக்கம் மட்டுமே என்றால் அதைப் பெரியது என்று சொல்ல மாட்டார்கள். சாவுக்குள் கடவுள் தாமே இறங்கிவிட்டார் என்பதுதான் அந்த நாளின் உட்பொருள். அப்படி இறங்கியவரைச் சாவால் பிடித்துவைக்க முடியவில்லை என்பது மூன்றாம் நாளின் செய்தி. இவை இரண்டையும் பிரித்தால் இரண்டுமே பொருளற்றுப் போகும். லத்தீன் கத்தோலிக்கக் கோயில்களில் சனிக்கிழமை இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பை வாய்ப்பிருந்தால் வெளியே நின்றாவது பாருங்கள். விளக்குகளை அணைத்து, முற்றத்தில் புதுத் தீ மூட்டி, அதிலிருந்து அந்த ஆண்டின் எண்கள் பொறித்த பெரிய மெழுகுதிரியை ஏற்றி, இருட்டான கோயிலுக்குள் கொண்டுபோவார்கள். பிறகு படைப்பில் தொடங்கிப் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் வரிசையாக வரும். நேரத்தைக் கருதி அவற்றில் சிலவற்றை விட்டுவிடலாம், ஆனால் செங்கடலைக் கடந்த பகுதியை மட்டும் விட அனுமதி இல்லை. எங்கள் சபையார் அடுத்த நாள் விடியற்காலை இருட்டோடு கூடிப் பாடுவோம். விடியலை அவர்கள் தீயில் காட்டுகிறார்கள், நாங்கள் வானத்தில் பார்க்கிறோம். சொல்லும் செய்தி ஒன்றுதான்.

இந்த நாள் ஏன் ஆண்டுதோறும் இடம்மாறுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் பொதுப் பொருளோடு தொடர்புடையதால் சொல்கிறேன். பஸ்கா நிலாவை வைத்துக் கணிக்கப்படும் பண்டிகை. மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்று பொதுவாகச் சொல்லலாம். அந்தப் பௌர்ணமி வானத்தில் பார்த்துச் சொல்வதன்று, சபையின் அட்டவணைக் கணக்கு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் ஈஸ்டர் எந்த நாளிலும் வரலாம். 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. எல்லாரும் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டும் என்று கி.பி. 325இல் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் வற்புறுத்தியது. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் எப்போது வரும் என்று பஞ்சாங்கம் பார்க்கும் உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சாம்பல் புதன், குருத்தோலை ஞாயிறு, 40ஆம் நாளில் பரமேறுதல், 50ஆம் நாளில் பெந்தெகொஸ்தே எல்லாமே இந்த ஒரு நாளைக் கட்டி நகர்கின்றன.

கிறிஸ்துமஸ் அப்படி நகர்வதில்லை; அது சூரிய நாள்காட்டியில் நிலைத்த தேதி. இயேசு பிறந்த தேதியை வேதாகமம் எங்கும் சொல்லவில்லை, இது உறுதி. டிசம்பர் 25 என்ற தேதியைக் குறிப்பிடும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, ரோமாபுரியில் கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாள்காட்டி. அதாவது முதல் மூன்று நூற்றாண்டுகளில் இந்தப் பண்டிகையின் சுவடு ஏறக்குறைய இல்லை. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற பேரறிஞர், வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனையும் ஏரோதையும் போன்றவர்கள்தான் என்று கிண்டலாகவே குறிப்பிடுகிறார். தேதி ஏன் இதுவாயிற்று என்பதில் இரண்டு விளக்கங்கள் மோதுகின்றன. ரோமரின் வெல்லப்படாத சூரியன் வழிபாட்டுக்கு எதிராகச் சபை இந்த நாளை எடுத்துக்கொண்டது என்பது ஒன்று. இயேசு கருவில் உருவானதும் சிலுவையில் இறந்ததும் மார்ச் 25 என்ற பழைய நம்பிக்கையிலிருந்து ஒன்பது மாதம் எண்ணி டிசம்பர் 25க்கு வந்தார்கள் என்பது மற்றொன்று. முதலாவதே முடிந்த முடிவு என்று பலரும் எழுதுகிறார்கள். சான்றுகளை வைத்துப் பார்த்தால் இரண்டும் கருதுகோள்களே. எனக்கு இரண்டாவதன்மேல் சாய்வு உண்டு, அதைச் சாய்வாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். அது உண்மையானால், பிறந்த நாளையே இறந்த நாளிலிருந்து எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தேதி எப்படி வந்திருந்தாலும், பிறப்புக் கதைகளுக்குள்ளேயே சிலுவையின் நிழல் விழுந்திருக்கிறது. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். வெள்ளைப்போளம் என்பது ஒரு முள்மரத்திலிருந்து வடியும் கசப்பான நறும்பிசின். அதே வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைச் சிலுவையில் அறையும் முன் அவருக்குக் குடிக்கக் கொடுத்ததாக மாற்கு சொல்கிறார்; அவர் வாங்கவில்லை. அடக்கம் செய்ய நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமுமாக ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்ததாக யோவான் சொல்கிறார். குழந்தைக்கு வந்த சீரும் பிணத்துக்கு இட்ட வாசனையும் ஒரே பொருள். கீழைச் சபைகளின் பழைய ஓவியங்களில் பெத்லகேம் ஒரு குகையாகவும், முன்னணை கல்லறைப் பெட்டிபோலவும், குழந்தை சுற்றப்பட்ட துணி சவத்துணிபோலவும் வரையப்பட்டிருக்கும். மத்தேயு இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் எழுதினாரா என்று கேட்டால், தெளிவாக நிறுவ முடியாது; ஆனால் பிற்காலச் சபை அப்படித்தான் வாசித்தது என்பதில் ஐயமில்லை. அதே மத்தேயு, முதல் அதிகாரத்தில் குழந்தைக்கு 'தேவன் நம்மோடிருக்கிறார்' என்று பொருள்படும் இம்மானுவேல் என்ற பெயரைச் சொல்லித் தொடங்கி, கடைசி வசனத்தில் உலகத்தின் முடிவுபரியந்தம் சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன் என்று உயிர்த்தெழுந்தவர் சொல்வதாக முடிக்கிறார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் உள்ள பாலம் அந்தக் 'கூட' என்ற சொல்தான். லத்தீன் கோயில்களில் மூன்று ராஜாக்கள் திருநாளில், அதாவது ஜனவரி 6இலோ அதை ஒட்டிய ஞாயிறிலோ, அந்த ஆண்டின் ஈஸ்டர் தேதியை அறிவிக்கும் பழைய வழக்கமும் உண்டு.

நம் குமரி மாவட்டத்தின் பெரிய திருவிழாக்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கோட்டாறு சவேரியார் கோயிலின் முதன்மை நாள் டிசம்பர் 3. அது அவர் பிறந்த நாள் அல்ல, 1552இல் சீனக் கடற்கரைக்கு அருகில் ஒரு தீவில் அவர் இறந்த நாள். ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டது 1752 ஜனவரி 14. 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவருக்கும் அந்த ஜனவரி 14தான் விழா நாள். ஒருவர் இறந்த நாளை அவருடைய 'பிறந்தநாள்' என்று சொல்வது 2ஆம் நூற்றாண்டிலிருந்தே சபையில் இருக்கும் பேச்சு. சாவு ஒரு கடந்துபோதல் என்று நம்புகிறவர்களுக்குத்தான் இறந்த நாளில் கொடியேற்றி வாணவேடிக்கை விடத் தோன்றும். திருமுழுக்கு யோவானுக்கும் மரியாளுக்கும் பிறந்தநாள் விழாக்கள் உண்டு, அவை விதிவிலக்குகள்.

பெந்தெகொஸ்தேயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பஸ்காவிலிருந்து 50ஆம் நாளில் வரும் யூதரின் அறுப்பு விழாவன்று சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியதும், பல தேசத்தார் தத்தம் மொழியிலேயே அவர்கள் பேசக் கேட்டதும் அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் நம் களியக்காவிளைச் சந்தைக்காரர்களுக்கு அந்த அதிகாரம் வெளியூர்க்காரர்களைவிடக் கொஞ்சம் எளிதாகவே புரியும் என்று நான் பாடம் எடுக்கும்போது சொல்வதுண்டு. கூட இருந்தவர் இப்போது உள்ளே இருக்கிறார் என்பது அதன் பொருள். இவ்வளவு முக்கியமான இந்த நாளுக்கு நம் ஊர்களில் பலகாரமும் இல்லை, புத்தாடையும் இல்லை. பண்டிகைகளில் இது கவனிக்கப்படாத பிள்ளை.

நட்சத்திரம் தொங்காத நான்காவது வீட்டுக்கு வருகிறேன். பெந்தெகொஸ்தே சபைகளிலும் சகோதர சபைகளிலும் பல, வேதத்தில் கட்டளையிடப்படாத நாள்களை ஆசரிப்பதில்லை என்ற கொள்கையால் கிறிஸ்துமஸைக் கொண்டாடுவதில்லை. இது நம் ஊரில் முளைத்த புதுமை அல்ல. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் ஆட்சியில் இருந்தபோது கிறிஸ்துமஸைத் தடையே செய்தார்கள். அந்த வீட்டாரை மற்ற மூன்று வீட்டாரும் சில நேரங்களில் குறையாகப் பேசுவார்கள். நானும் இளம் வயதில் பேசியிருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வெள்ளை உடுத்து வேதாகமத்தைக் கையிடுக்கில் வைத்துப் புறப்படுகிறார்களே, அதுதான் எல்லாவற்றிலும் மூத்த பண்டிகை. ஆண்டுக்கு ஒரு ஈஸ்டர் ஏற்படுவதற்கு முன்பே வாரத்துக்கு ஒரு ஈஸ்டர் இருந்தது. வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடியதை அப்போஸ்தலர் நடபடிகளே குறிப்பிடுகிறது. பொதுப் பொருளை அவர்கள் மறுக்கவில்லை. அதை ஆண்டு முழுவதும் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள்.

மூன்று மரபுகளும் ஒரே கதையில்தான் நிற்கின்றன என்பதற்கு என்னிடம் உள்ள சிறந்த சாட்சி ஒரு தென்னங்குருத்துதான். இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததை நினைக்கும் குருத்தோலை ஞாயிறன்று லத்தீன் கோயிலிலும் எங்கள் ஆலயத்திலும் சுறியானிப் பள்ளியிலும் ஒரே தோப்பில் வெட்டிய இளமஞ்சள் ஓலையைத்தான் பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறோம். யோவான் எழுதிய மூலத்தில் அது பேரீச்சமர ஓலை; தமிழ் வேதாகமம் அதைக் குருத்தோலை என்று எழுதுகிறது, நம் ஊரில் தென்னைக்கு அந்தப் பெருமை. எங்கள் வீட்டில் அதைச் சிலுவையாக மடித்துக் கதவு நிலையில் செருகிவைப்போம். அம்மச்சி வீட்டில் நான்கு நாள் கழித்து அது அப்பத்தின்மேல் ஏறும். லத்தீன் கோயிலில் காய்ந்த ஓலைகளை அடுத்த ஆண்டு திரும்ப வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தான் திருநீற்றுப் புதன் எனப்படும் சாம்பல் புதனன்று நெற்றியில் இடுகிறார்கள். எங்கள் பக்கத்து மலங்கரை என்ற சுறியானிச் சபையின் பள்ளியில் கிறிஸ்து பிறப்பு இரவில் முற்றத்தில் சிலுவை வடிவில் குழி வெட்டித் தீ மூட்டி அதைச் சுற்றி வருவார்கள். அந்தக் குழியில் போட வீட்டுக்கு வீடு எடுத்துவந்திருந்தது ஏப்ரலில் வாங்கிய அதே ஓலை, டிசம்பருக்குள் பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகிற பதத்தில். பாடுகளின் வாரத்தில் பிடித்த ஓலை பிறப்பின் தீக்கு விறகாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, நான் வகுப்பில் ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்லும் பாடத்தை அந்தச் சபையார் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டதாகத் தோன்றியது.

கடைசியாக, அடுத்த ஆண்டுக்கு. கிறிஸ்துமஸுக்கு மூன்று வீடுகளுக்கும் தாராளமாக வாழ்த்துச் சொல்லுங்கள். நான்காம் வீட்டில் புத்தாண்டுக்குச் சொன்னால் மகிழ்வார்கள். வியாழன் இரவு அம்மச்சி வீட்டுக் கதவைத் தட்டாமல் இருப்பதும், வெள்ளியன்று எதிர்வீட்டுப் பெரியவரைக் கண்டால் தலையசைத்துவிட்டு நகர்வதும் போதும். ஞாயிறு காலை அம்மச்சி வீட்டில் ஈஸ்டும் கள்ளும் ஊற்றிப் புளிக்கவைத்துப் பொங்கிய மாவில் பாலப்பம் சுடுவார்கள், ஸ்டூவும் இருக்கும். வியாழன் புளிக்காத அப்பம், ஞாயிறு புளித்த அப்பம் என்பதில் ஏதோ பொருள் இருப்பதாக நான் வெகுநாள் நினைத்ததுண்டு. அம்மச்சிகளிடம் கேட்டால் பண்டிகைக்குப் பாலப்பம்தான் ருசி என்று சொல்லிவிடுகிறார்கள். போன ஈஸ்டரன்று உங்கள் வீட்டுக்கு அந்தக் கிண்ணம் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால், இந்த முறை அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.